நளதம்: பெத்தானியா வீட்டை நிறைத்த மணம்

புனித வாரத்துத் திங்கட்கிழமைத் திருப்பலியில் வாசிக்கப்பெறும் நற்செய்தி, யோவான் 12ஆம் அதிகாரத்தின் தொடக்கப் பகுதியாகும். பாஸ்கா விழாவுக்கு ஆறு நாள் முன்பு பெத்தானியாவில் ஒரு விருந்து. இலாசர் பந்தியில் இருக்கிறார். மார்த்தா உணவு பரிமாறுகிறார். மரியாவோ தைலத்தைக் கொண்டுவந்து ஆண்டவரின் காலடிகளில் பூசித் தம் கூந்தலால் துடைக்கிறார். வீடு முழுவதும் மணத்தால் நிறைந்ததாக நற்செய்தியாளர் குறிக்கிறார். குருப்பட்டம் பெற்ற நாள் தொட்டு இப்பகுதியைக் குறித்து எத்தனையோ மறையுரைகள் ஆற்றியிருக்கிறோம். யூதாசின் பேராசையைச் சாடியிருக்கிறோம். மரியாவின் அன்பைப் போற்றியிருக்கிறோம். அந்த மணம் கல்வாரி மலை வரை ஆண்டவரின் திருமேனியை விட்டு அகலவில்லை என்று உருக்கமாகவும் பேசியிருக்கிறோம். ஆயினும் அந்த மணம் எத்தகையது என்று ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்ததில்லை. மல்லிகையும் ரோசாவும் கலந்த ஏதோ ஒன்றாக மனம் தானே முடிவு செய்துகொண்டது போலும்.

அம்முடிவை உறுதிப்படுத்துவதற்கென்றே வந்தது போல ஒரு குப்பி நம்மிடம் வந்து சேர்ந்தது. திருநாட்டுக்குத் திருப்பயணம் சென்று திரும்பிய பங்குமக்களில் ஒருவர் அன்போடு கொண்டுவந்து தந்தது. மேலே மரியா மண்டியிட்டிருக்கும் படம். கீழே மூன்று மொழிகளில் நளதத் தைலம் என்ற அச்சு. திறந்தால் இனிய பூமணம். சற்றே சோப்புக் கட்டியின் நினைவும் வரும். மகிழ்ந்து மேசைமேல் வைத்திருந்தோம். இரண்டாண்டுகள் கழித்து, காளிம்போங் மலைப்பகுதியில் பணியாற்றும் நம் குருமட நண்பர் ஒருவர் மற்றொரு குப்பியை அனுப்பிவைத்தார். படமில்லை, அச்சில்லை, மருந்துக் குப்பி ஒன்றில் அரைக்குப்பி எண்ணெய். கூடவே தாளில் சுற்றிய ஒரு வேர். விரல் பருமனுள்ள அவ்வேரைச் செம்பழுப்பு நார்கள் அடர்ந்து சுற்றியிருந்தன. துறவியின் சடையை ஒத்திருப்பதால் அதற்குச் சடாமாஞ்சில் என்று பெயர். நம் ஊர் நாட்டு மருந்துக் கடைகளிலும் இப்பெயர் சொல்லிக் கேட்டால் கிடைக்கும். குப்பியைத் திறந்து முகர்ந்த மாத்திரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். அது பூவின் மணமன்று. மழைக்காலத்தில் மூடிக் கிடந்த அறையைத் திறந்தாற்போன்ற நெடி.

இரண்டு குப்பிகளுக்கும் ஒரே பெயர். இவற்றில் எது மரியாவின் சிமிழில் இருந்தது? இக்கேள்வியே நம்மைச் சில மாதங்கள் நூலகங்களுக்கு இழுத்துச் சென்றது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். மாற்குவும் யோவானும் கையாளும் கிரேக்கச் சொல் நார்தோஸ். எபிரேயத்தில் நேர்து, சாலமோனின் இனிமைமிகு பாடலில் இது வருகிறது. இச்சொற்களின் வேர் வடமொழியின் நலத என்பதில் இருப்பதாக மொழியறிஞர் காட்டுவர். நளதம் என்று பழைய தமிழ் விவிலியம் எழுதியது அந்த வடசொல்லையே தமிழ்ப்படுத்தியது. நாம் இன்று திருப்பலியில் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பு இவ்விடத்தில் இலாமிச்சை என்கிறது. இலாமிச்சையோ வெட்டிவேரோடு சேர்த்து எண்ணப்படும் புல்வேர். வெயில் காலத்தில் தண்ணீர்ப் பானையில் இட்டால் குளிர்ந்து மணப்பது. இமயத்துச் சடாமாஞ்சிலுக்கும் அதற்கும் உறவில்லை. மொழிபெயர்த்தோரைக் குறை சொல்ல இதனை எழுதவில்லை. வடமொழி அகராதிகளே நலதம் என்ற சொல்லுக்குச் சடாமாஞ்சில், வெட்டிவேர் என இரு பொருளும் தருகின்றன. மயக்கம் மிகப் பழையது.

ஐரோப்பியரும் இதே மயக்கத்தில் உழன்றவர்களே. 18ஆம் நூற்றாண்டில் லின்னேயசு, மணப்புல் ஒன்றுக்கு நார்துவின் பெயரைச் சூட்டினார். 1790இல் கில்பர்ட் பிளேன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர், பண்டையோரின் நார்து இந்தியாவில் விளையும் ஒரு புல்லே என்று இலண்டன் அரச கழகத்தின் ஏட்டில் எழுதினார். அதை ஏற்க மறுத்தவர் கல்கத்தா உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த சர் வில்லியம் ஜோன்சு. அரபு மருத்துவ நூல்களில் இந்தியக் கதிர் என்று குறிக்கப்படும் பொருள் எது என்று இங்குள்ள மருத்துவர்களிடம் கேட்டு, அவர்கள் கொண்டுவந்து காட்டிய சடாமாஞ்சிலே நார்து என்று தம் ஆசிய ஆய்வேட்டில் நிறுவினார். முடிவு சரி. ஆனால் வேடிக்கை பாருங்கள்: பூட்டானிலிருந்து செடியை வரவழைத்து அவர் வருணித்தாரே, அது சடாமாஞ்சிலின் நெருங்கிய உறவான மற்றொரு செடி என்று பின்வந்த தாவரவியலார் கண்டார்கள். சரியான பெயரைக் கண்டவர் கையிலும் தவறான செடியே இருந்தது!

இன்னொரு மயக்கத்தையும் சொல்லிவிடலாம். திருத்தந்தை பிரான்சிசு 2013இல் பொறுப்பேற்றபோது, அவரது கேடயச் சின்னத்தில் நார்து மலர் புனித சூசையப்பரைக் குறிப்பதாக விளக்கம் தரப்பட்டது. இஸ்பானிய மரபில் சூசையப்பர் கையில் நார்துக் கிளை ஏந்தி நிற்பார். ஆனால் இஸ்பானிய மொழியில் நார்தோ என்று மக்கள் இன்று அழைப்பது நம் நிலச்சம்பங்கியை. மெக்சிகோ நாட்டிலிருந்து உலகெங்கும் பரவிய பூவை. நம்மவர் சிமிழில் புல்வேரை இட்டோம். அவர்கள் சம்பங்கியை இட்டார்கள். திருப்பயணக் கடைக்காரர் ரோசாவை இட்டார். ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த மணத்தையே ஆண்டவரின் காலடிக்கு அனுப்பியிருக்கிறோம்.

உண்மையான செடி இமய மலையில் குமாவோன் தொடங்கி நேபாளம், சிக்கிம், பூட்டான் வழியாகத் தென்மேற்குச் சீனம் வரை, ஏறத்தாழ 3,000 முதல் 5,000 மீட்டர் உயரத்தில் வளர்வது. அங்கிருந்து எருசலேம் மதில்களுக்கு அருகிலிருந்த ஒரு சிற்றூருக்கு அது எவ்வாறு சென்றது? வழிகள் பல இருந்தன. சிந்து முகத்துவாரத்துத் துறையிலும் பரிகச்சத்திலும் நார்து கப்பலேறியது. ஆயினும் தமிழராகிய நாம் நின்று நோக்க வேண்டிய வழி ஒன்று உண்டு. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுதப்பட்ட எரித்திரயக் கடற்பயண நூல், கங்கை முகத்துவாரத்துச் சந்தையில் கங்கை நார்து விற்பனையாவதைச் சொல்கிறது. தமிழகத்துக் கிழக்குக் கரைத் துறைகளிலிருந்து பெருங்கலங்கள் கங்கை நோக்கிச் செல்வதைச் சொல்கிறது. சேர நாட்டு முசிறிப் பகுதியிலிருந்து மேற்கே ஏற்றுமதியாகும் பொருள்களில் மிளகு, முத்து, தந்தம் ஆகியவற்றோடு அதே கங்கை நார்தையும் எண்ணுகிறது. மூன்றையும் சேர்த்துப் படித்தால் வேரின் பயணம் கண்முன் விரியும். மலையில் தோண்டி, கங்கை வழி இறங்கி, வங்கக் கரையோரமாய் வந்து, தமிழகத்தைக் கடந்து, முசிறியில் யவனர் கலத்தில் ஏறியிருக்கிறது.

யவனர் பொன்னொடு வந்து மிளகொடு திரும்பும் முசிறியை அகநானூற்றின் 149ஆம் பாடல் காட்டுகிறது. அப்பாடலில் நார்து இல்லை. மலைநாட்டு வேர் வெறும் கடப்புச் சரக்காக இருந்ததால் புலவர் கண்ணில் படவில்லை போலும். ஆனால் வணிகரின் கணக்கு விட்டுவைக்குமா? வியன்னா நகரின் தேசிய நூலகத்தில் உள்ள பாப்பிரசுத் தாள் ஒன்று 1985இல் பதிப்பிக்கப்பட்டது. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அத்தாளின் ஒரு பக்கத்தில் முசிறிப் பயணத்துக்கான கடன் ஒப்பந்தம். மறு பக்கத்தில் எர்மப்பொல்லோன் என்னும் கப்பலின் சரக்குக் கணக்கு. அதில் 60 பெட்டி கங்கை நார்து! இந்தியச் சரக்குக்கு உரோமை அரசு விதித்த வரி நான்கில் ஒரு பங்கு என்பதையும் அத்தாளே காட்டுகிறது. பெத்தானியா விருந்துக்கு நூறாண்டுக்கும் மேல் பிற்பட்ட ஆவணம் இது. எனினும் அகுஸ்துவின் காலத்திலேயே செங்கடல் துறையிலிருந்து 120 கலங்கள் வரை இந்தியாவுக்குச் சென்றதாகப் புவியியலார் ஸ்திராபோ எழுதியிருக்கிறார். ஆண்டவர் பிறந்து வளர்ந்த நாள்களில் இக்கடல்வழி சுறுசுறுப்பாகவே இருந்தது. மரியாவின் சிமிழுக்குள் இருந்தது முசிறி வழியே சென்ற வேர்தான் என்று சாதிக்க மாட்டோம். அவ்வாறு சென்றிருக்கக் கூடும் என்பதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்வதற்கில்லை. ஆனால் புனித தோமையார் வந்திறங்கியதாக நம் மரபு போற்றும் அத்துறையிலிருந்து, அவருக்கு எதிர்த்திசையில் அந்த மணம் சென்றிருக்கலாம் என்ற எண்ணமே நெஞ்சைத் தொடுகிறது.

விலையைப் பற்றி யூதாசு சொன்னது மிகையா? 300 தெனாரியம் என்பது ஒரு கூலியாளுக்கு ஓய்வுநாள்களும் விழாக்களும் நீங்கலாக ஏறத்தாழ ஓராண்டு ஊதியம். உரோமை அறிஞர் மூத்த பிளினி, நார்துக் கதிர் ஒரு இராத்தல் 100 தெனாரியம் என்றும், நறுமணத் தைலங்களில் சில இராத்தல் 400 தெனாரியத்துக்கும் மேல் விலைபோயின என்றும் குறித்திருக்கிறார். உரோமை இராத்தல் நம் அளவில் 327 கிராம். ஆக, யூதாசின் உள்ளம் கோணலாயிருந்ததேயன்றிக் கணக்கு நேராகவே இருந்தது. இதே பிளினி நார்தில் கலப்படம் மலிந்திருப்பதையும் எச்சரிக்கிறார். மாற்குவும் யோவானும் இத்தைலத்துக்கு இட்ட பிஸ்திகே என்ற அடைமொழி புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் இல்லை. அதன் பொருள் குறித்து அறிஞர் வேறுபடுவர். நம்பத்தக்கது, கலப்பற்றது என்று கொள்வதே பெருவழக்கு. நம் மேசைமேல் இரண்டு குப்பிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் அச்சொல் ஏன் தேவைப்பட்டது என்பது விளங்கிற்று.

பிளினிக்கு நறுமணத் தைலங்கள் மேல் பெருங்கோபம். முத்தும் மணியும் பிள்ளைகளுக்குச் சேரும். ஆடை சில காலம் உழைக்கும். தைலமோ ஒரு பொழுதில் மாய்வது, அதுவும் பூசியவருக்கே புலப்படாதது என்பது அவர் வாதம். நீரோ மன்னனுக்கு உள்ளங்காலில் தைலம் பூசும் பழக்கத்தைக் கற்றுத்தந்தவன் ஒத்தோ என்று சொல்லிவிட்டு, அவ்விடத்தில் பூசினால் யார் முகர்ந்து மகிழ்வது என்று ஏளனமாய் வினவுகிறார். நியாயமான கேள்விதான். பெத்தானியாவில் அதற்கு விடை கிடைத்தது: குனிந்தவருக்கு மணந்தது; பின்னர் வீட்டிலிருந்தோர் அனைவருக்கும் மணந்தது.

தைலம் தோலில் எவ்வாறு மாறுகிறது என்பதைக் கூர்ந்து கண்டவர் அரிஸ்டாட்டிலின் மாணவராகிய தியோபிராஸ்துஸ். மணங்களைப் பற்றிய தம் சிறுநூலில், மணிக்கட்டிலிருந்து எழும் மணமே இனியது என்பதால் தைல வணிகர் அங்கேயே பூசிக் காட்டுவர் என்று எழுதுகிறார். மெல்லிய மலர்த் தைலங்கள் ஆண்களுக்கு ஏற்றவை. வெள்ளைப்போளம், நார்து முதலிய கனத்த தைலங்கள் விரைவில் ஆவியாகி மறையாமல் நிலைப்பதால் பெண்களுக்கு ஏற்றவை என்றும் பிரிக்கிறார். இதனைப் படித்தபோது சற்றுத் திகைத்தோம். அக்காலக் கடைக்காரர் கண்ணில் மரியா கொண்டுவந்தது பெண்கள் அணியும் தைலம். தமக்கென வைத்திருந்ததையே அவர் கொண்டுவந்தார் என்று சொல்லத் தோன்றுகிறது. நற்செய்தி அவ்வாறு சொல்லவில்லை என்பதால் நிறுத்திக்கொள்கிறோம்.

படித்தது போதும், பார்த்துவிடுவோம் என்று சென்ற தவக்காலத்தில் துணிந்தோம். குருத்து ஞாயிறுக்கு முந்தைய சனிக்கிழமை மாலை, ஒரு கரண்டி ஒலிவ எண்ணெயில் நண்பர் அனுப்பிய தைலத்தைச் சில துளிகள் கலந்தோம். பண்டையோர் வேரை எண்ணெயில் ஊறவைத்துக் காய்ச்சினார்களேயன்றி இன்று போல் நீராவியில் வடித்துச் சாராயத்தில் கரைக்கவில்லை. அக்கலவையை இடது மணிக்கட்டிலும், ஒரு பருத்திக் கைக்குட்டையிலும் இட்டோம். கூந்தலுக்கு என்ன செய்வது? நம் தலையில் அதற்குப் போதிய முடி மிச்சமில்லை. கம்பளி நூல் சிறிது எடுத்து அதில் தோய்த்தோம். கம்பளியும் ஆட்டின் மயிர்தானே.

முதல் கால் மணி நேரம் சோதனைதான். குளிர்ந்த, கூரிய, சற்றே கர்ப்பூரம் போன்ற ஒரு நெடி. அதன் அடியில் ஈர மண். அதற்கும் அடியில் ஆட்டுப்பட்டியையும் பழைய வியர்வையையும் நினைவூட்டும் ஒன்று. வலேரியன் வேரின் நெடிக்குக் காரணமான ஐசோவலெரிக் அமிலத்தின் சாயல் அது என்பர். நளதமும் அக்குடும்பத்தைச் சார்ந்ததே. கோயில் கணக்கோடு உள்ளே வந்த உபதேசியார் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“சாமி, பழைய சாக்கு ஏதும் நனைஞ்சு கிடக்குதா? எலி செத்த வாடையா இருக்குமோ?” என்றார்.

பெத்தானியா மரியாவின் தைலம் என்று சொன்னோம். நம்பவில்லை. மேசைமேல் இருந்த பூமணக் குப்பியைக் காட்டி, “அதுல்ல சாமி மரியாளோடது” என்றார்.

அரைமணி நேரத்தில் கூர்மை தணிந்தது. தோலின் சூட்டில் நெடி மெல்லக் கரைந்து, உலர்ந்த வைக்கோலின் இனிமை ஒன்று எழுந்தது. இரவு செபத்தின்போது கை உயர்த்தியபோதெல்லாம் பழைய மரப்பெட்டியைத் திறந்தாற்போன்ற மணம் வந்தது. பாசி படர்ந்த மரத்தடியின் மணமும் அதில் கலந்திருந்தது. எதிர்பாராத விதத்தில் அது நெஞ்சை அமைதிப்படுத்தியது. ஆரஞ்சு, எலுமிச்சை போன்றவற்றின் மணத்துகள்கள் பெரும்பாலும் பத்துக் கரி அணுக்களைக் கொண்ட இலேசானவை, விரைவில் பறந்துவிடும். நளதத்தில் மிகுந்திருப்பவை பதினைந்து கரி அணுக்கள் கொண்ட கனமானவை. தோலிலிருந்து எழவே அவற்றுக்கு நேரம் பிடிக்கிறது. முதலில் முகத்தில் அடித்தது இலேசான பகுதி. அது போன பின்னரே தைலம் தன் மெய்யான முகத்தைக் காட்டுகிறது. வீடு மணத்தால் நிறைந்தது என்பது சிமிழ் திறந்த நொடியில் நடந்திருக்க முடியாது என்று இப்போது எண்ணுகிறோம். விருந்து நீண்டு, எண்ணெய் விளக்குகளின் சூடும் மனிதரின் சூடும் கூடிய பின்னரே அது நிகழ்ந்திருக்கும். யூதாசு பேசியது முதல் கால் மணி நேரத்தில் இருக்கலாம்.

ஞாயிறு காலைத் திருப்பலியில் குருத்தோலையை ஆசீர்வதிக்கக் கை உயர்த்தியபோது மணிக்கட்டில் மணம் இருந்தது. திருப்பலி முடிந்து திருவுடைகளைக் கழற்ற உதவிய உபதேசியார், “இன்னைக்கு என்ன சாமி, நல்ல வாசமா இருக்கு?” என்றார். நேற்று எலி செத்த வாடை என்று அவர் சொன்னதுதான் அது என்றோம். கையைப் பிடித்து இருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார்.

அன்று நண்பகல் குளித்த பின் மணிக்கட்டில் ஒன்றும் இல்லை. கைக்குட்டையில் செவ்வாய் வரை இருந்தது. புதன் அன்று, இருப்பதாக நாம் விரும்பினோம் என்றே சொல்ல வேண்டும். கம்பளி நூலில் பெரிய வெள்ளி பிற்பகல், பாடுகளின் வழிபாட்டுக்குப் புறப்படுமுன் முகர்ந்தோம். மெலிந்திருந்தது, ஆனால் ஐயத்துக்கு இடமின்றி இருந்தது.

ஆகவே, முப்பது ஆண்டுகளாக நாம் உரைத்த ஒரு வாக்கியத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. ஒரு துளிக்கும் ஒரு இராத்தலுக்கும் வேறுபாடு உண்டு என்பது மெய்யே. அவ்வளவு தைலம் ஊறிய பாதங்களில் சில நாள் மணம் தங்கியிருக்கலாம். மாற்கு சொல்வது போல் பாஸ்காவுக்கு இரு நாள் முன்பு தலையில் ஊற்றப்பட்டதாகக் கொண்டால் வாய்ப்பு இன்னும் கூடும். ஆயினும் யோவானின் ஆறு நாள் கணக்கில், பாலஸ்தீனப் புழுதியில் நடந்து நடந்து தேய்ந்த பாதங்களில், சிலுவையடியில் நின்றவர் அம்மணத்தை உணர்ந்தார் என்று பீடத்திலிருந்து உறுதியாகச் சொல்ல இனி நம் நா எழாது. ஆனால் பெத்தானியாவில் ஒரு பெண்ணின் கூந்தலில் அது வெள்ளிக்கிழமையும் இருந்திருக்கும். தம் அடக்க நாளுக்கென்று ஆண்டவர் சொன்ன தைலத்தின் மணம், அவர் அடக்கம் செய்யப்பட்ட இரவில் அவர் தலைசாய்த்த தலையணையில் இருந்திருக்கும். இதனை நாம் முன்பு எந்த மறையுரையிலும் சொன்னதில்லை. கூந்தலால் துடைத்தார் என்பதைத் தாழ்ச்சியின் செயலாகவே விளக்கிவந்தோம்.

நண்பருக்கு நன்றி தெரிவித்து எழுதியபோது, இன்னொரு குப்பி கிடைக்குமா என்றும் கேட்டிருந்தோம். வேரைத் தோண்டினால் செடி மாயும் என்றும், தோண்டுவோர் ஆண்டுதோறும் இன்னும் மேலே ஏற வேண்டியிருக்கிறது என்றும் மறுமொழி வந்தது. 1997 முதல் இச்செடியின் பன்னாட்டு வணிகம் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. முற்றும் அழியும் விளிம்பில் நிற்கும் இனங்களின் பட்டியலிலும் இது சேர்ந்துவிட்டது. மீண்டும் கேட்கவில்லை. உபதேசியார் மட்டும், வரும் குருத்து ஞாயிறுக்கு முந்தைய மாலை தம் தாயாரைக் கூட்டிவர அனுமதி கேட்டிருக்கிறார். கண் தெரியாதவர், வயது எண்பத்து நான்கு. குப்பியில் இன்னும் கால் பங்கு இருக்கிறது.